இரண்டு எஞ்சின்களும் ஒரு கோபுரமும்

குருமடத்தில் நாம் கற்ற பாடங்களுள் எஞ்சின் என்றொரு பாடம் இருந்ததில்லை. மெய்யியலும் இறையியலும் திருச்சபை வரலாறும் கற்பித்த பேராசிரியர்கள், ஒரு பிஸ்டன் தேய்ந்தால் ஒரு குடும்பமும் தேயக்கூடும் என்று நமக்குச் சொல்லித் தந்ததில்லை. அது அவர்கள் குறையன்று. அந்தப் பாடத்தை நடத்த வல்லவர்கள் கடற்கரையில்தான் இருக்கிறார்கள். குமரி மாவட்டத்துக் கடலோரப் பங்கொன்றில் பணியாற்றிய ஆண்டுகளில் அவர்களிடம் மாணவராய் அமரும் பேறு நமக்குக் கிடைத்தது. கட்டணமாக நாம் செலுத்தியது சிறிது வெட்கம் மட்டுமே.

2018ஆம் ஆண்டு, ஆனி மாதம். விசைப்படகுகளுக்கு மேற்குக் கடற்கரையில் தடைக்காலம். ஜூன், ஜூலை ஆகிய இரு மாதங்களும் அவை துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். வள்ளங்கள் மட்டும் கடலுக்குப் போய்வரும். கச்சான் காற்று கடுமையாக வீசிக்கொண்டிருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பங்கு இல்லத்தின் வாசலில் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

“சாமி, வெள்ளன மூணு மணிக்குப் போன வள்ளம். இன்னும் கரை பிடிக்கல்ல.”

காலை பத்து மணிக்குத் திரும்ப வேண்டிய வள்ளம் அது. அவளுடைய கணவரும் கணவரின் அண்ணனும் பங்காளிகளாய் வைத்திருந்த பைபர் வள்ளம். பின்புறத்தில் ஒன்பதே முக்கால் சொச்சம் குதிரைத் திறன் கொண்ட அவுட்போர்டு எஞ்சின்கள் இரண்டு மாட்டியிருந்தார்கள். வேறோர் ஆண்டாக இருந்திருந்தால், ‘பாடு நிறைய இருந்திருக்கும், வந்துவிடுவார்கள்’ என்று ஆறுதல் சொல்லியிருப்போம். ஆனால் 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஓகிப் புயலுக்குப்பின், தாமதமாக வரும் வள்ளத்தைத் தாமதம் என்று மட்டும் எண்ண இந்தக் கரையால் இயலவில்லை. உறவினர்கள் இரு வள்ளங்களில் தேடப் புறப்பட்டனர். நாம் அந்தப் பெண்ணோடு கடற்கரைக்குப் போய் நின்றோம். செபிக்க முயன்றோம். சொற்கள் வந்தன, மனம் அடிவானத்தில் கிடந்தது.

நான்கு மணியளவில் வள்ளம் தெரிந்தது. இடப்புற எஞ்சின் தண்ணீரிலிருந்து தூக்கி மடக்கப்பட்டிருந்தது. வலப்புற எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டு வந்தது. ஒருபுற எஞ்சின் மட்டும் தள்ளும்போது அணியம் மறுபுறம் திரும்பிக்கொண்டே இருக்கும். அதை நேராக்கி நேராக்கிப் பல மணி நேரம் கைப்பிடியை அழுத்திவந்த தம்பியின் வலக்கை, கரையில் கால் வைத்த பின்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் தலை நிமிரவில்லை.

இறைவனுக்கு நன்றி சொன்னோம். பிறகு, எதையாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னோம்: “இரண்டு எஞ்சின் இருந்ததால் தப்பித்தீர்கள்.”

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் நம்மைப் பார்த்தார். ஊரில் எஞ்சின் பழுது பார்ப்பவர், அறுபதைக் கடந்தவர். “தப்பிச்சது சரிதான் சாமி. ஆனா ரெண்டு எஞ்சின் இருந்ததாலதான் இத்தன நாளும் தெரியாமப் போச்சு” என்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அந்த வாக்கியத்தின் பொருள் விளங்காததே அதற்குக் காரணம்.

இந்த எஞ்சின்கள் நம் கரைக்கு வந்த கதை பலரும் அறிந்ததே. நார்வேயில் 1877இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ருட், 1909இல் படகின் பின்புறம் மாட்டிக் கழற்றும் எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். காதலிக்காக ஐஸ்கிரீம் வாங்கி, வெயிலில் துடுப்புப் போட்டுத் திரும்பியபோது அது உருகிப் போனதே அவருடைய முயற்சிக்குத் தூண்டுகோல் என்று கதை சொல்வார்கள். நம் பக்கத்தில் 1952இல் கையெழுத்தாகி, மறு ஆண்டில் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் மீன்பிடித் தொழிலில் எந்திரத்துக்குக் கதவு திறந்தது. 1980களில் குமரிக் கரையின் கட்டுமரங்களிலும் வள்ளங்களிலும் அவுட்போர்டு எஞ்சின்கள் பெருகின. அதே ஆண்டுகளில் பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே, முட்டத்தில் மீனவரோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை வடிவமைத்தார். பாயும் துடுப்பும் இருந்த இடத்தில் எரிபொருளும் உதிரிப் பாகமும் வட்டியும் வந்து அமர்ந்தன. தூரம் குறைந்தது, கடன் கூடியது. இவ்வளவும் நாம் நூல்களில் படித்து அறிந்தவை. ஓர் எஞ்சினின் உள்ளே பார்த்தது மறுநாள்தான்.

பெரியவரின் ஓலைக் கொட்டகையில் சகோதரர் இருவரும் நின்றனர். நாமும் ஒரு கள்ளிப் பெட்டியின்மேல் அமர்ந்தோம். சூட்டில் பிடித்து நின்றுபோன இடப்புற எஞ்சின், ஆறிய பிறகு கயிற்றிழுப்புக்குச் சுழன்றது. பெரியவர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் ஓர் அளவுமானியைத் திருகினார். கயிற்றைப் பலமுறை வேகமாக இழுத்தார். சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு இறுகுகிறது என்பதை அந்த முள் காட்டும். வலப்புற எஞ்சினின் இரு சிலிண்டர்களும் நூற்றுக்கு மேல் காட்டின. இடப்புற எஞ்சினில் ஒன்று தொண்ணூற்றைந்து, மற்றொன்று அறுபது. “ரெண்டுக்கும் நடுவுல பத்துல ஒரு பங்குக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது சாமி. இது செத்து ரொம்ப நாளாச்சு. நேத்துதான் அடக்கம் கேட்டிருக்கு” என்றார்.

அப்படியானால் இத்தனை நாள் எப்படி ஓடியது என்று கேட்டோம். அவர் தம் மொழியில் விளக்கியதை, நாம் பின்னர் படித்து அறிந்ததோடு சேர்த்து இங்கே எழுதுகிறோம். தண்ணீரைக் கிழித்து மெல்லச் செல்லும் ஒரு படகின் வேகத்தை இரு மடங்காக்க வேண்டுமெனில், ஏறத்தாழ எட்டு மடங்கு வலு வேண்டும். இதைத் திருப்பிப் பார்த்தால், வலுவில் பாதியை இழந்தாலும் வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே குறையும். இரண்டில் ஓர் எஞ்சின் தன் வலுவில் கால் பங்கை இழந்தால், வேகம் நூற்றுக்கு நான்கைந்து பங்குகூடக் குறைந்ததாகத் தெரியாது. ‘இன்று நீரோட்டம் எதிர்ப்பு’ என்றோ, ‘வலைப் பாரம் அதிகம்’ என்றோ எண்ணி, ஓட்டுபவர் மற்ற எஞ்சினைச் சற்றுக் கூடுதலாக முறுக்குவார். வள்ளம் வழக்கம்போல் ஓடும். ஆனால் இரண்டு எஞ்சின்களுக்கெனத் தேர்ந்த புரொப்பெல்லரை ஒன்றே பெரும்பகுதி தள்ள வேண்டி வரும்போது, அந்த எஞ்சின் தனக்குரிய சுழற்சி வேகத்தை எட்ட முடியாமல் திணறும். திணறும் எஞ்சின் சூடேறும், கரி பிடிக்கும். நோயுற்றது ஒன்று, அதன் வேலையையும் சேர்த்துச் சுமந்து நோயாளியாவது மற்றொன்று. கரையில் நின்று பார்ப்பவருக்கு, வள்ளம் நன்றாகவே போகிறது.

பெரியவர் இடப்புற எஞ்சினைத் திறந்தார். பிஸ்டன் ரிங்குகள் கரியோடு ஒட்டி இறுகியிருந்தன. சிலிண்டரின் சுவரில் மேலிருந்து கீழாகக் கீறல்கள். கடல்நீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கும் ரப்பர் சக்கரத்தின் இதழ்களில் இரண்டு முறிந்திருந்தன. தண்ணீர் ஓடும் வழிகளில் உப்பு கெட்டிப்பட்டிருந்தது. பிறகு, நன்றாய் இருப்பதாக நாம் எண்ணிய வலப்புற எஞ்சினின் ரப்பர் சக்கரத்தையும் கழற்றிக் காட்டினார். அதன் இதழ்களும் விறைத்து, ஓரம் வெடித்திருந்தன.

“இதுவும் இன்னும் நாலஞ்சு தடவதான் சாமி.”

தம்பி தம் வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டார். இரண்டு எஞ்சின்கள் இருப்பது பாதுகாப்பு என்பது, இரண்டும் ஒரே காரணத்தால் கெடாதவரை மட்டுமே உண்மை. ஒரே உப்பு நீர், ஒரே கைப் பராமரிப்பு, ஒரே பற்றாக்குறை என்றால், இரண்டு என்பது கணக்கில் மட்டுமே இரண்டு.

இனி என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. பெரியவர் மூன்று வழிகளைச் சொன்னார். சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தி, கால் அல்லது அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனும் புதிய ரிங்குகளும் போடுவது ஒன்று. அந்த ஓர் எஞ்சினை மட்டும் எறிந்துவிட்டுப் புதியது வாங்குவது இரண்டாவது. இரண்டையும் விற்றுவிட்டுப் புதிய இணையாக மாட்டுவது மூன்றாவது. புதியது ஒன்றே இலட்சத்தைத் தாண்டும். அதைவிட, புதியதையும் பழையதையும் ஒரே வள்ளத்தில் பூட்டினால், பல்சக்கர விகிதமும் புரொப்பெல்லரும் ஒத்துவர வேண்டும். ஒத்துவந்தாலும் புதியது இழுக்கும், பழையது தொங்கும். இணை மாடுகளில் ஒன்றை மட்டும் மாற்றிய உழவரின் கதைதான்.

“எந்த வழியில போனாலும் சரி. இது எதுனால தேஞ்சுதுன்னு முதல்ல சொல்லணும். அது தெரியாமப் புதுசு வாங்குனா, புதுசும் இதே வழிதான் போவும்” என்று சொல்லிவிட்டு, அவர் அண்ணனைப் பார்த்தார்.

இந்த இரு வீச்சு எஞ்சின்களில் எண்ணெய்க்கெனத் தனி அறை இல்லை என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். எரிபொருளில் கலந்து ஊற்றும் எண்ணெயே பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே வழுவழுப்பைத் தருகிறது. நம் கரையில் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். அந்த மண்ணெண்ணெயில் எண்ணெயைக் குறைத்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வாரமும் ஆகாது. எஞ்சின் புகார் சொல்லாமல் தேயும். ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனித் தொட்டி. வலப்புறத் தொட்டிக்குத் தம்பி கலப்பார். இடப்புறத் தொட்டிக்கு அண்ணன்.

“எண்ணெயக் கொறச்சேன்” என்றார் அண்ணன். “ஏழெட்டு மாசமா. தண்ணிச் சக்கரத்தையும் மாத்தல்ல.”

ஏன் என்று கேட்டது நாம்தான். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று அடுத்த நிமிடமே தோன்றியது.

“கோபுரத்துக்குக் கட்டணுமே சாமி. தம்பிக்குக் கைப்பிள்ள. அவன் வீட்டுப் பங்கையும் நானே கட்டுனேன்.”

இது ஒப்புரவு அருளடையாளத்தில் நாம் கேட்டதன்று. கொட்டகையில் நால்வர் முன்னிலையில் சொல்லப்பட்டது. பின்னாளில் இதை எழுதலாமா என்று கேட்டபோது, “பேர் போடாம எழுதுங்க” என்று அவர் இசைவளித்தார்.

எங்கள் ஆலயத்துக்கு மணிக்கோபுரம் எழுப்புவதென்று பங்குப் பேரவை முடிவெடுத்து ஓராண்டு ஆகியிருந்தது. பக்கத்து ஊரின் கோபுரம் கடலிலிருந்து தெரிகிறது, நம்முடையது தெரியவில்லை என்ற ஏக்கம் ஊருக்கு இருந்தது உண்மை. அந்த ஏக்கத்தை எரியவிட்டு ஊதியவர்களுள் நாமும் ஒருவர். தலைக்கட்டு வரி இரண்டு தவணையாக விதிக்கப்பட்டது. முதல் தவணையை முழுமையாகச் செலுத்திய குடும்பங்களின் பெயர்களை ஞாயிறு திருப்பலியின் முடிவில் நாமே வாசித்தோம். அந்த அண்ணனின் பெயர் பட்டியலில் முதலாவது. ‘இவரைப் போன்ற தாராள உள்ளம்’ என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்தோம். அவர் அன்று தலை நிமிர்ந்து நின்றதும் நினைவிருக்கிறது. மூத்த மகளின் நர்சிங் படிப்புக்கும் அவர் பணம் கட்டிக்கொண்டிருந்தார் என்பதை, குடும்பச் சந்திப்பின்போது கேட்டு அறிந்தே இருந்தோம். அந்த இரு செய்திகளையும் ஒருபோதும் சேர்த்து எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தால், பாடு குறைந்த மாதங்களில் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருப்போம்.

குற்றம் முழுவதும் நம்முடையது என்று சொல்லிக் கண்ணீர் வடிப்பது எளிது. அது முழு உண்மையும் ஆகாது. எண்ணெய் அளவைக் குறைத்தது அவர் கை. ஒரு பக்கம் தொய்வதை உணர்ந்தும் தம்பி கேட்கவில்லை. “அண்ணனிடம் எப்படிக் கேட்பது” என்று மற்ற எஞ்சினை முறுக்கிக்கொண்டே இருந்தார். ஆனால் கரையில் நின்று, வள்ளம் நன்றாய்ப் போகிறது என்று மெச்சியது நாம். மெச்சியதோடு நில்லாமல், இன்னும் கொஞ்சம் பாரம் ஏற்றியதும் நாம்.

அந்த வாரமே பங்குப் பேரவையைக் கூட்டினோம். இரண்டாம் தவணையை மூன்று மாதங்களுக்கு நிறுத்தி வைப்போம், பெயர் வாசிப்பதை அறவே விடுவோம் என்று முன்வைத்தோம். எளிதில் ஏற்கப்படவில்லை. “பாதியில நிறுத்துனா ஊரு சிரிக்கும்” என்றார் ஒருவர். கம்பியும் சிமெண்டும் விலையேறிவிடும் என்றார் இன்னொருவர், அதுவும் நியாயமே. “சாமியே வேகப்படுத்துனீங்க, இப்ப சாமியே தடுக்கிறீங்க” என்று மூன்றாமவர் சொன்னபோது நம்மிடம் மறுமொழி இல்லை. இரண்டு இரவுகள் பேசி, அரைமனத்தோடு இசைந்தார்கள். கோபுர நிதியிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு நாம் பணம் கொடுத்துவிட்டதாக ஒரு பேச்சும் ஊரில் உலவியது. உண்மையில் உதவ முன்வந்தோம், அண்ணன் வாங்க மறுத்துவிட்டார். “கோயில் காசுல எஞ்சின் ஓட்டுனா நாளைக்கு நான் எப்படிக் கோயிலுக்கு வருவேன்” என்றார்.

சகோதரர் முதல் வழியைத் தேர்ந்தனர். சிலிண்டரில் கடைவதற்கு இன்னும் உலோகம் இருந்தது. செலவு புதிய எஞ்சினின் விலையில் சிறு பகுதியே. இரு எஞ்சின்களின் ரப்பர் சக்கரங்களும் ஒரே நாளில் மாற்றப்பட்டன. பூட்டி முடித்ததும் பெரியவர் சொன்ன அறிவுரையை நாம் குறித்து வைத்திருக்கிறோம். புது ரிங்கும் கடைந்த சுவரும் ஒன்றோடொன்று பழகும்வரை, முதல் பத்து மணி நேரம் முழு வேகத்துக்கு முறுக்கக் கூடாது. எண்ணெய் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கலக்க வேண்டும். அதுவரை மற்றதை முறுக்கி ஓட்டலாமா என்று தம்பி கேட்டார். பெரியவர் தலையசைத்து மறுத்தார்.

“அப்பிடித்தானே இதுவரைக்கும் ஓட்டுனீங்க? நல்லதும் இதுக்கூட மெல்லத்தான் நடக்கணும். நாலு நாளைக்குக் கொஞ்சம் பிந்திக் கரைக்கு வாங்க, ஒண்ணும் கொறஞ்சு போயிராது.”

திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தை அதற்கு முன்பும் பலமுறை வாசித்திருக்கிறோம், மறையுரையும் ஆற்றியிருக்கிறோம். புனித பவுல் பயணம் செய்த கப்பல் புயலில் சிக்குகிறது. அதில் இருந்தவர்கள் 276 பேர். முதலில் சரக்கை எறிகிறார்கள். மூன்றாம் நாளில் கப்பலின் தளவாடங்களை எறிகிறார்கள். இறுதியில், உண்டு பசியாறிய பின்பு, எஞ்சிய கோதுமையையும் கடலில் கொட்டுகிறார்கள். கப்பல் உடைந்தது, ஒருவரும் சாகவில்லை. முன்பெல்லாம் இப்பகுதியை நம்பிக்கையின் பாடமாகவே விளக்கி வந்தோம். கொட்டகையின் கள்ளிப் பெட்டியில் அமர்ந்து எழுந்த பிறகுதான், எதை எறிவது என்று தெரிந்தவர்களின் கதையாகவும் அது நமக்குப் படுகிறது. ஆள்களைக் காக்கச் சரக்கை எறிந்தார்கள். நாமோ, நல்ல நோக்கத்தோடுதான், கோபுரத்தைக் காக்க ஆள்களை மெலியவிட்டிருந்தோம்.

பின்னர் நமக்கு மாற்றலாகியது. கோபுரம் தாமதமாக, முதல் வரைபடத்தில் இருந்ததைவிடச் சற்று உயரம் குறைவாக எழுந்து நிற்கிறது. ஊரில் சிலருக்கு அந்தக் குறை இன்னும் உறுத்துகிறது, நம்மைக் காணும்போது சொல்லவும் செய்கிறார்கள். கேட்டுக்கொள்கிறோம். பழுது பார்த்த எஞ்சின் மேலும் நான்கு ஆண்டுகள் உழைத்தது. 2022இல் சகோதரர் இரண்டையும் ஒருசேர விற்றுவிட்டுப் புதிய இணையை மாட்டினார்கள். இப்போது இரு தொட்டிகளுக்கும் எண்ணெயை இருவரும் ஒன்றாக நின்றே கலக்கிறார்களாம். சண்டை வருவதும் உண்டாம், அளவு குறைவதில்லையாம்.

அதற்குப்பின் எந்தப் பங்கிலும் நன்கொடையாளர் பெயரைப் பீடத்திலிருந்து நாம் வாசித்ததில்லை. வசூல் பட்டியல் கைக்கு வந்தால், முழுமையாகக் கட்டியவர் வீட்டுக்கு முதலில் போகிறோம். நன்றி சொல்வதற்காக மட்டும் அன்று. அவ்வீட்டில் யார் எதைக் குறைத்தார் என்று கேட்பதற்காகவும்தான். பெரும்பாலும், “ஒன்றுமில்லை சாமி, நன்றாய் இருக்கிறோம்” என்பார்கள். சற்று நேரம் கூடுதலாக அமர்ந்திருப்போம். சில வீடுகளில் தேநீர் ஆறிய பிறகுதான் பேச்சு தொடங்கும்.

அன்பு வாசகரே, குடும்பமாயினும் அன்பியமாயினும், அது நன்றாய் ஓடுகிறது என்று நாம் மகிழும் நாளில், அதில் யாருடைய கை நடுங்குகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.